சயாம் கடையில் என்ன கேட்பது?



சரக்கு விஷயமாகப் பாடாங் பெசார் தாண்டி ஹாட்யாய் போய் வருகிறவர்கள் நம்மில் உண்டு. பேச்சு முடிந்ததும் அந்தப் பக்கத்து முதலாளி சாப்பிட அழைப்பார். பட்டியலைக் கையில் வாங்கியதும் முழிக்க வேண்டியிருக்கிறது. வந்த தட்டை விழுங்கவும் மனமில்லை, தள்ளவும் முகமில்லை. ஆகையால் சில சொற்களைப் பாடம் செய்து கொள்வது நலம்.

முதலாவது 'மூ', அதாவது பன்றி. 'கை' என்றால் கோழி (நம் கை அல்ல!). 'நுவா' மாடு, 'ப்ளா' மீன், 'குங்' இறால். "மை கின் மூ" என்றால், பன்றி சாப்பிடமாட்டேன் என்று பொருள். ஆனால் இதைச் சொன்னதோடு கடமை தீர்ந்ததென்று நினைக்கலாகாது. கோழியை அறுத்தது யார்? சட்டியில் முன்பு பொரித்தது என்ன? ஆகவே உணவுக்கு முன்னால் கடையைப் பார்க்க வேண்டும். அங்கே இஸ்லாமிய மத்தியக் கவுன்சிலின் ஹலால் முத்திரை, 'ஆஹான் இஸ்லாம்' என்ற பலகை. இங்கே பினாங்கில் ஜாகிம் முத்திரை. 'பன்றி இல்லை' என்று மட்டும் எழுதியிருந்தால் அது ஹலால் ஆகிவிடாது.

இனி உணவுகள். நமக்கு மிக நெருக்கமானது மஸ்ஸமன். 'முசல்மான்' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் என்று பலரும் சொல்வர். பட்டை, ஏலம், கிராம்பு, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, தேங்காய்ப்பால் எல்லாம் சேர்ந்து நம் குருமாவுக்குத் தம்பி போலிருக்கும். 1809 முதல் 1824 வரை ஆண்ட இரண்டாம் ராமா மன்னரே பாட்டில் புகழ்ந்த குழம்பு இது. காரம் தாங்காத பெரியவர்களுக்கு இதையே சொல்லுங்கள். பச்சைக் குழம்பு பார்வைக்குச் சாது, நாக்குக்கு அப்படியல்ல. 'கப்ராவ்' நம் துளசி இனமே. அந்தப் பொரியலைப் பெரும்பாலும் பன்றிக் கொத்துக்கறியில் செய்வார்கள். படகுக் குவேத்தியாவ் சாற்றில் இரத்தம் ஊற்றும் வழக்கமுண்டு. முஸ்லிம் கடையல்லாத இடத்தில் அதன் பக்கமே போகவேண்டாம்.

கடல் பிராணிகளில் ராவுத்தர், மரைக்காயர் ஒரே மேசையில் உட்கார்ந்தால் பேச்சு எழும். ஷாஃபி மத்ஹபில் கணவாய் கூடும். ஹனஃபியில் மீன் தவிர மற்றவை கூடாது, இறாலில் மட்டும் கருத்து வேறுபாடு. காங்கோங் கீரை பொரியலில் சிப்பிச் சாறு ஊற்றுவதால் ஹனஃபி சகோதரர் முன்கூட்டியே அதை வேண்டாமென்று சொல்லிவிட வேண்டும்.

நாலு பேருக்கு வெள்ளைச் சோறு, ஒரு தொம்யாம், ஒரு மஸ்ஸமன், ஒரு மீன், ஒரு கீரை போதும். அங்கே எல்லாம் நடுவில் வைத்துப் பகிர்ந்துண்பது வழக்கம். ஆளுக்கொரு தட்டு கேட்டால் மீதியாகும். காரம் வேண்டாமென்றால் "மை பெட்" என்று சொல்லலாம். சொன்ன பிறகும் கொஞ்சம் காரமிருக்கும். அதற்கு மாம்பழத்தோடு தேங்காய்ப்பால் புளூட் சோறு கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள்.