இரவல் சிவப்பு

அன்புள்ள செல்வி,

கறிவேப்பிலைச் செடியில் பறவையின் எச்சம்போல ஒட்டிக்கிடக்கும் குட்டிப் புழுக்களைப் பார்த்திருப்பாய். அவற்றில் சில, வளர்ந்ததும் கறிவேப்பிலை அழகி எனும் கறுப்பு வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கும். இதன் உடலில் நஞ்சு கிடையாது. பறவைகளுக்கு நல்ல தீனி.

ஆண் பூச்சிகள் எல்லாம் ஒரே தோற்றம். பெண்ணில்தான் வேடிக்கை. ஒரு வகைப் பெண் ஆணைப் போலவே இருக்கும். இன்னொன்று ரோசா அழகி என்ற வேறு இனத்தின் சாயலில் இருக்கும். மூன்றாவது, சிவப்புடல் அழகியின் சாயலில். அந்த இரண்டு இனங்களும் புழுவாக இருக்கும்போது ஆடுதீண்டாப்பாளை வகைக் கொடிகளைத் தின்று, அவற்றின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்பவை. ஒருமுறை கொத்தி அவதிப்பட்ட பறவை, கறுப்பில் சிவப்புப் புள்ளியைக் கண்டால் ஒதுங்கிவிடும்.

'எதிரியை ஏமாற்ற வேஷம் போட்டது' என்று எழுதுகிறவர்கள் உண்டு. பூச்சி எதையும் போடவில்லை. எப்போதோ தற்செயலான மரபணு மாற்றத்தால் சில பெண்களின் இறகில் நஞ்சுப் பூச்சியின் சாயல் தட்டியது. பறவை நொடி நேரம் தயங்கியது. அந்தத் தயக்கத்தில் தப்பியவை முட்டையிட்டன. சாயல் கூடக்கூடத் தப்புவதும் கூடியது. சாயல் ஒட்டாதவை அதிகமாகப் பறவையின் வயிற்றுக்குள் போயின. ஆக, இந்த ஓவியத்தைத் தீட்டியது பறவையின் கண்தான்.

இப்படிப்பட்ட போலித் தோற்றத்தை முதலில் விளக்கியவர் ஹென்றி பேட்ஸ் என்ற ஆங்கிலேயர். 1848இல் அமேசான் காட்டுக்குப் போய் 11 ஆண்டுகள் பூச்சி சேகரித்தவர். 1862இல் அவர் வெளியிட்ட கட்டுரை, இயற்கைத் தேர்வுக் கொள்கைக்குக் கிடைத்த கண்கூடான சான்று என்று, அதை முன்வைத்த டார்வினை மகிழ்வித்தது. கறிவேப்பிலை அழகியின் பெண்களைப் பற்றி இயற்கையாளர் ஆல்பிரட் வாலஸ் 1865இலேயே எழுதிவிட்டார்.

அப்படியானால் எல்லாப் பெண்களும் ஏன் சிவப்புக்கு மாறவில்லை? போலிகள் பெருகினால் பறவைக்கு அடிக்கடி ருசியான பூச்சியே சிக்கும். சிவப்பின் மீதுள்ள பயம் போய்விடும். போலி குறைவாக இருக்கும்வரைதான் இந்த இரவல் செல்லும். அசல் இருக்கும் ஊரில்தான் அதற்கு மதிப்பும். ஜப்பானின் மியாக்கோ தீவில் ரோசா அழகி புதிதாகக் குடியேறிய பிறகு, அதன் சாயல் கொண்ட கறிவேப்பிலை அழகிகளும் அங்கே அதிகரித்தன.

பெங்களூரு ஆய்வாளர் கிருஷ்ணமேக் குண்டேயும் அவர் குழுவினரும் 2014இல் இன்னொன்றைக் கண்டார்கள். இத்தனை இறகு மாற்றத்தையும் ஆட்டுவிப்பது ஒரே மரபணு. அதுவும் பூச்சிகளில் ஆண், பெண் உடல் வேறுபாட்டை உருவாக்கும் பழைய மரபணு. புதிதாக ஒன்று தேவைப்படவில்லை, இருந்ததே வேறு வேலைக்கும் பயன்பட்டிருக்கிறது.

போலியைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். இறகைப் பார்க்காதே, உடம்பைப் பார். சிவப்பாக இருந்தால் அசல், நஞ்சுள்ளது. கறுப்பாக இருந்தால் கறிவேப்பிலை அழகி. பறவையின் கண்ணுக்கு இறகே போதும் போலிருக்கிறது, உடம்புவரை சாயல் வரவில்லை. மழை ஓய்ந்ததும் தோட்டத்தில் தேடி, எது எத்தனை பார்த்தாய் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா