முதல் தீவுப் பயணம்: பாலிக்குப் புறப்படும் முன் ஒரு பாடம்



போன ஆகஸ்ட் செமஸ்டர் விடுமுறையில் நாங்கள் ஆறு பேர் பாலித் தீவுக்குக் கிளம்பினோம். நாலு பையன், ரெண்டு பொண்ணு. எல்லாரும் சின்ன வயசிலிருந்து ஒரே சமய வகுப்பில் ஒன்றாகத் தேவாரம் படித்தவர்கள். பெற்றோர் துணை இல்லாமல் போகும் முதல் வெளிநாட்டுப் பயணம் அது.

திட்டம் போட்டது நான்தான். "நீதான் இஞ்சினியரிங் படிக்கிறியே, நீயே பாத்துக்கோ" என்று எல்லாரும் என் தலையில் கட்டினார்கள். நானும் பெருமையாக ஏற்றுக்கொண்டேன். எக்செல் அட்டவணையில் பதினான்கு பத்திகள். பெயர், கடப்பிதழ் எண், ரத்த வகை, சைவமா அசைவமா, ஏன், டி-சட்டை அளவுகூட அதில் இருந்தது.

விமான நிலையத்துக்கு ஆறு பேர் போனோம். விமானத்தில் ஐந்து பேர்தான் ஏறினோம்.

எங்களில் இளையவன், பாலிடெக்னிக்கில் படிக்கும் தம்பி. வார இறுதியில் கார் கழுவும் கடையில் வேலை செய்து ஒன்பது மாதம் காசு சேர்த்தவன். அவன் கடப்பிதழ் காலாவதியாக இன்னும் நான்கு மாதமும் சில நாளும்தான் இருந்தன. இந்தோனேசியாவுக்குள் நுழையக் குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும். முகப்பிடத்தில் இருந்த அக்கா இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, "சாரி தம்பி, ஏத்த முடியாது" என்றார்.

என் அட்டவணையில் கடப்பிதழ் எண் இருந்தது. முடியும் தேதி இல்லை.

"பரவால்லண்ணா, நீங்க போயிட்டு வாங்க" என்றான். கையிலிருந்த முறுக்கு டின்னை என்னிடம் கொடுத்தான். "இத மட்டும் எடுத்துட்டுப் போங்க. அம்மா எல்லாருக்கும் சேத்துதான் சுட்டாங்க." அப்புறம் பேருந்து எடுக்கக் கீழ்த்தளத்துக்குப் போய்விட்டான்.

இந்தப் பாடத்தை அந்தக் காலைப் பொழுதை நினைத்துத்தான் எழுதுகிறேன். உங்களில் பலர் அடுத்த விடுமுறைக்குப் பாலிக்குப் போக நினைத்திருப்பீர்கள். நான் விட்ட இடத்தை நீங்கள் விடக்கூடாது.

1. மாற்ற முடியாததை முதலில் பாருங்கள்

நாங்கள் எதில் தொடங்கினோம் தெரியுமா? எந்தக் கடையில் படம் எடுத்தால் அழகாக இருக்கும் என்பதில். கடைசி நாளில்கூட மாற்றிக்கொள்ளக்கூடிய விஷயத்தை மூன்று மாதம் பேசினோம். கடைசி நாளில் மாற்றவே முடியாத விஷயத்தை ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை.

ஒரு பாலம் கட்டும்போது முதலில் மண்ணைத்தான் சோதிப்பார்கள். கைப்பிடிக்கு என்ன வண்ணம் என்பது கடைசியில்தான். பயணமும் அப்படித்தான். "இது தப்பாகப் போனால் அந்த இடத்திலேயே சரிசெய்ய முடியுமா?" என்று ஒவ்வொன்றையும் கேளுங்கள். முடியாது என்றால் அது பட்டியலில் முதலில் வர வேண்டும்.

முதலில் கடப்பிதழ். பாலியில் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். நம் கடப்பிதழுக்கு ஆயுள் ஐந்து வருடம்தான். ஐந்தாம் படிவத்தில் எடுத்தது, பட்டப்படிப்பு முடிவதற்குள் காலாவதியாகிவிடும். புதுப்பிக்க 200 ரிங்கிட் ஆகும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அவன் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய்ச் சுலபமாக முடித்திருப்பான்.

மலேசியர், சிங்கப்பூரர் இருவருக்குமே 30 நாள் வரை விசா தேவையில்லை. ஆனால் 2024 பிப்ரவரி 14 முதல் பாலிக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகள் ஆளுக்கு 150,000 ரூப்பியா தீவுக் கட்டணம் செலுத்த வேண்டும். இணையத்திலேயே கட்டிவிடலாம். விதிகள் மாறக்கூடியவை என்பதால், டிக்கெட் வாங்கும் முன் ஒரு முறை, புறப்படும் வாரத்தில் ஒரு முறை அதிகாரப்பூர்வப் பக்கத்தைப் பாருங்கள்.

2. தேதியைத் தீவிடம் கேளுங்கள்

ஏறக்குறைய ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பாலியில் வெயில் காலம். நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். மழைக்காலத்தில் டிக்கெட் மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் கடல் கொந்தளித்தால் பக்கத்துத் தீவுகளுக்குப் படகு போகாது.

இன்னொரு தேதி மிக முக்கியம். அதுதான் நியெப்பி, பாலி இந்துக்களின் சக வருடப் பிறப்பு. 2025இல் மார்ச் 29, 2026இல் மார்ச் 19. அன்று காலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஆறு மணி வரை தீவே மௌனம் காக்கும். நெருப்பு மூட்டக்கூடாது, வேலை செய்யக்கூடாது, வெளியே போகக்கூடாது, கேளிக்கை கூடாது. விமான நிலையமே 24 மணி நேரம் மூடப்படும். சுற்றுலாப் பயணிகளும் விடுதிக்குள்தான் இருக்க வேண்டும். தெருவில் பெச்சாலாங் எனப்படும் ஊர்க்காவலர்கள் மட்டும் சுற்றுவார்கள். தெரியாமல் அன்றைக்கு டிக்கெட் போட்டால் திட்டம் சிதறிவிடும். தெரிந்தே போனால் வாழ்நாளில் மறக்காத ஒரு நாளாக இருக்கும். முந்தின மாலை ஓகோ-ஓகோ என்னும் பெரிய பூத உருவங்களைத் தெருவில் தூக்கி வருவார்கள்.

கலுங்கான் திருநாள் 210 நாளுக்கு ஒரு முறை வரும். அதனால் நம் நாட்காட்டியில் அதன் தேதி மாறிக்கொண்டே இருக்கும். வளைந்த மூங்கில் கம்பங்களால் ஊரே அலங்காரமாக இருக்கும். ஆனால் கடைக்காரர்களும் வண்டியோட்டிகளும் குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்விடுவார்கள். அதையும் கணக்கில் வையுங்கள்.

3. கிலோமீட்டரை நம்பாதீர்கள், கடிகாரத்தையும்

பாலி சிங்கப்பூரைப் போல ஏழெட்டு மடங்கு பெரியது. விமான நிலையம் தென்கோடியில் இருக்கிறது. அங்கிருந்து உபுட் 40 கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் சாலை குறுகல், நெரிசல் அதிகம். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு திசை என்று வைத்துக்கொண்டால் போதும். தெற்கே உலுவாத்து என்றால் அன்று தெற்கு மட்டும்.

எங்கள் இரண்டாவது தவற்றையும் சொல்லிவிடுகிறேன். பாலியின் கடிகாரமும் நம் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டும். அதனால் சூரியனும் ஒரே நேரத்தில் மறையும் என்று நினைத்துவிட்டேன். பாலி நமக்குக் கிழக்கே 13 பாகைக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆகஸ்டில் கோலாலம்பூரில் ஏழே காலுக்கு மேல் மறையும் சூரியன், அங்கே ஆறே காலுக்கெல்லாம் மறைந்துவிடுகிறது. தானா லோட் கடற்பாறைக் கோயிலுக்குச் சூரிய அஸ்தமனம் பார்க்க ஏழு மணிக்குப் போய் நின்றோம். கும்மிருட்டு. அலைச் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது.

4. நாமும் இந்துதான், ஆனால் விருந்தாளி

பாலி மக்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இந்துக்கள். காயத்ரி மந்திரத்தோடு தொடங்கும் திரிசந்தியா வழிபாட்டை ஒரு நாளில் மூன்று வேளை சொல்கிறார்கள். வரவேற்கும்போது "ஓம் சுவஸ்தியாஸ்து" என்பார்கள். நாங்கள் அதைத் திருப்பிச் சொன்னதும் உபுட் சந்தையில் பூ விற்ற பாட்டி, "இந்து? இந்து?" என்று கேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

ஆனால் சொந்தக்காரர் வீடு என்றாலும் அது அவர்கள் வீடு. அங்கே கோயில் என்பது பெரும்பாலும் திறந்தவெளி முற்றம்தான். நம் கோயில் மாதிரி கருவறையில் மூர்த்தியைத் தேடினால் கிடைக்காது. பத்மாசனா என்னும் உயர்ந்த கல்லாசனம் காலியாக இருக்கும். உருவம் கடந்த இறைவனுக்கான இருக்கை அது. "என்னடா, சாமியே இல்ல" என்று எங்களில் ஒருவன் சத்தமாகச் சொல்லிவிட்டான். சிதம்பர ரகசியத்தைக் கேட்டு வளர்ந்த நாம் அப்படிச் சொல்லலாமா?

சில நடைமுறைகளைத் தெரிந்துகொண்டு போங்கள்.

இடுப்பில் சாரோங்கும் அதன்மேல் துணிக்கச்சையும் ஆண், பெண் இருவருக்குமே வேண்டும். வீட்டுக் கைலியையே எடுத்துப் போகலாம்.

தென்னங்குருத்தில் பின்னிய சின்னத் தட்டில் பூ வைத்து வாசலிலும் நடைபாதையிலும் படைத்திருப்பார்கள். அதன் பெயர் சானாங் சாரி. செல்போனைப் பார்த்துக்கொண்டே நடந்து அதை மிதித்துவிடாதீர்கள்.

மாதவிடாய்க் காலத்தில் இருப்பவர்களும் துக்க வீட்டுக்காரர்களும் உள்ளே வர வேண்டாம் என்று கோயில் வாசலில் பலகை இருக்கும். தோழிகளுக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள். வாசலில் வைத்துச் சங்கடப்படுத்த வேண்டாம்.

தீர்த்தா எம்புல் பத்தாம் நூற்றாண்டிலிருந்து வழிபாட்டில் இருக்கும் ஊற்றுக் கோயில். வரிசையாக நீர்த்தாரைகள் உண்டு. அவற்றில் சில ஈமச் சடங்குக்கு உரியவை, அதில் குளிக்கக்கூடாது. முன்னால் போகும் உள்ளூர்க்காரரைப் பார்த்துச் செய்யுங்கள்.

ஆகுங் எரிமலைச் சரிவில் இருக்கும் பெசாக்கி, பாலியின் தாய்க்கோயில். வழிபடுவோருக்கு மட்டும் என்று இருக்கும் முற்றத்தில் "நாங்களும் இந்துதான்" என்று வாதாடாதீர்கள். வழிபட வந்திருக்கிறோம் என்று பூசாரியிடம் பணிவாகக் கேளுங்கள். அனுமதித்தால் போங்கள், இல்லையென்றால் வெளியே நின்று கும்பிடுங்கள்.

சைவக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. இந்து ஊர் என்றதும் சைவ ஊர் என்று நினைக்க வேண்டாம். பன்றி இறைச்சி அங்கே திருவிழா உணவு. தெம்பே, தாஹு, காடோ-காடோ எல்லா இடத்திலும் கிடைக்கும், ஆனால் சம்பலில் நம்ம பெலாச்சான் மாதிரி தெராசி இருக்கும். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். நம் மலாய் அங்கே பெரிதும் உதவும், சில சொற்கள் மட்டும் காலை வாரிவிடும். நமக்கு 'பிசா' என்றால் விஷம், அவர்களுக்கு 'முடியும்'. நமக்கு 'பெர்சூமா' இலவசம், அவர்களுக்கு 'வீண்'.

5. கடலும் சாலையும்

தென்பாலிக் கடற்கரைகளில் இழுப்பு நீரோட்டம் உண்டு. சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். நீர் இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைக்காதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி நீரோட்டத்திலிருந்து விலகிய பிறகு கரை ஏறுங்கள். நீச்சல் தெரியாத நண்பரைக் கிண்டல் செய்து கடலில் இறக்காதீர்கள்.

வாடகை மோட்டார் மலிவுதான். மோட்டார் உரிமம் இல்லாமல் ஓட்டி விழுந்தால் பயணக் காப்புறுதி பணம் தராது. ஐந்து பேருக்கு ஒரு வண்டியும் ஓட்டுநரும் பேசி, செலவைப் பங்கு போட்டோம். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

6. குழுவில் குறைவாக இருப்பவர் யார்?

கடைசியாக, நான் ரொம்பத் தாமதமாகப் புரிந்துகொண்ட பாடம் இது. சங்கிலியின் பலம் அதன் மெல்லிய கண்ணியில் இருக்கிறது என்று வகுப்பில் எழுதித் தேர்வில் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பயணத்தில் அதை யோசிக்கவில்லை. எங்களில் நான்கு பேர் முன்பே குடும்பத்தோடு வெளிநாடு போனவர்கள். அவன் கடப்பிதழ் எடுத்ததே பள்ளிக் காலத்தில் சிங்கப்பூருக்கு ஒரு நாள் போட்டிக்குப் போனபோதுதான். ஆறு மாத விதி அவனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிந்த நாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

பணமும் அப்படித்தான். யாரிடம் குறைவாக இருக்கிறதோ அவரால் முடிந்த தொகைதான் குழுவின் தொகை. அதை எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள், தனியாகக் கேளுங்கள். அந்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கை அவசரத்துக்கு என்று ஒதுக்கிவிட்டு மீதிக்குத் திட்டம் போடுங்கள்.

திரும்பி வந்ததும் அவன் இழந்த டிக்கெட், விடுதிக் காசை ஐந்து பேரும் பங்கிட்டுக் கொடுத்தோம். இரண்டு மாதம் வாங்க மறுத்தான். "உன் தப்பு இல்லடா, என் அட்டவணைத் தப்பு" என்று நான் நேரில் போய்ச் சொன்ன பிறகுதான் வாங்கினான். அவன் அம்மாவிடம் முறுக்கு டின்னைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் கோபப்படவில்லை, டீ போட்டுக் கொடுத்தார். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

கலந்து பேசுங்கள்

அ. உங்கள் குழுவின் அடுத்த பயணத்தில் "போன பிறகு சரிசெய்ய முடியாதவை" எவை? ஐந்து எழுதுங்கள்.

ஆ. நம் வழிபாட்டுக்கும் பாலி வழிபாட்டுக்கும் உள்ள ஒற்றுமை மூன்று, வேற்றுமை மூன்று சொல்லுங்கள். வேற்றுமையைக் குறையாகப் பார்க்காமல் எப்படிப் புரிந்துகொள்வது?

இ. நண்பரிடம் பணம் குறைவு என்று தெரிந்தால், அவர் மனம் நோகாமல் எப்படித் திட்டத்தை மாற்றுவீர்கள்?

வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று. இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் கடப்பிதழைத் திறந்து முடியும் தேதியைப் பாருங்கள். பிறகு வகுப்பில் உங்களுக்குப் பக்கத்தில் உட்காரும் நண்பரிடமும் அவருடைய தேதியைக் கேளுங்கள்.