நலம் தந்த கைகள்

நோயுற்ற குழந்தை படுத்திருக்கும் வீட்டில் பொழுது மெல்லவே நகரும். காய்ச்சல் தணிந்துவிட்டது என்று மருத்துவர் கூறிச் சென்ற பின்னரும் கவலை அவ்வீட்டை விட்டு அகல்வதில்லை. நோய் நீங்குவது வேறு. இழந்த வலிமை திரும்புவது வேறு. முன்னதற்குச் சில நாள்கள் போதுமாயிருக்கலாம். பின்னதற்குச் சில வேளைகளில் பல ஆண்டுகள் ஆகும். அந்நெடிய காலத்தில் மருத்துவர் நாள்தோறும் உடனிருத்தல் இயலாது. காலையும் மாலையும் அருகிருந்து குழந்தையைத் தேற்றுவோர் வீட்டில் உள்ளவர்களே ஆவர்.

இவ்வுண்மையைத் திருவள்ளுவர் நன்கு உணர்ந்திருந்தார். ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்று அவர் வகுத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு, அருகிருந்து பணிவிடை செய்பவனையும் நான்காவது கூறாக அவர் எண்ணினார். இந்நான்காம் கூறு எத்துணை ஆற்றல் உடையது என்பதை, அமெரிக்க நாட்டில் வாழ்ந்த ஓர் ஏழைக் குடும்பத்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

ஏழைக் குடும்பம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில் டென்னசி என்னும் மாநிலம் உள்ளது. அம்மாநிலத்தில், கிளார்க்ஸ்வில் நகரை அடுத்த செயின்ட் பெத்லகேம் என்னும் சிற்றூரில், 1940-ஆம் ஆண்டு சூன் 23-ஆம் நாள் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதத்தில் பிறந்த அக்குழந்தையின் எடை ஏறத்தாழ 2 கிலோகிராம் மட்டுமே. பெற்றோர் அதற்கு வில்மா என்று பெயரிட்டனர். தந்தையார் எட் ருடால்ஃப் இருமுறை மணம் புரிந்தவர். அவருடைய மக்கள் 22 பேருள் வில்மா 20-ஆம் குழந்தை. தந்தையார் இருப்புப்பாதை நிலையத்தில் சுமை தூக்கியும், கிடைத்த பிற வேலைகளைச் செய்தும் பொருள் ஈட்டினார். அன்னையார் பிளாஞ்ச், செல்வர் வீடுகளில் பணிப்பெண்ணாக உழைத்தார். வில்மா பிறந்த சிறிது காலத்திற்குள் குடும்பம் கிளார்க்ஸ்வில் நகருக்குக் குடிபெயர்ந்தது.

வறுமை மட்டுமே அக்குடும்பத்தின் இடராக இருக்கவில்லை. அவர்கள் கறுப்பினத்தவர். அந்நாளில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் நிற வேற்றுமை சட்டமாகவே நிலைபெற்றிருந்தது. வெள்ளையர் பயிலும் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகள் பயில இயலாது; பேருந்தில் முன்னிருக்கைகளில் அமர இயலாது. உள்ளூர் மருத்துவமனையும் அவர்களுக்குப் பயன்படவில்லை. ஒரு குழந்தைக்கு நோய் வந்தால், அக்குழந்தையின் தோலின் நிறமே மருத்துவத்திற்குத் தடையாக நின்றது.

அடுத்தடுத்து வந்த நோய்கள்

பிறக்கும்போதே மெலிந்திருந்த வில்மாவை நோய்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றின. நிமோனியா என்னும் நுரையீரல் அழற்சி வந்தது. உடலெங்கும் செந்நிறத் தடிப்புத் தோன்றும் செங்காய்ச்சலும் வந்தது. அவற்றினின்று தப்பிய குழந்தையை, ஐந்தாம் வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. போலியோ என்று வழங்கப்படுவது இந்நோயே.

இந்நோயை உண்டாக்குவது கண்ணுக்குப் புலனாகாத ஒரு நுண்கிருமியாகும். மாசுபட்ட நீர், உணவு, கைகள் ஆகியவற்றின் வழியாக அது வாயினுள் புகுந்து குடலில் பெருகும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அதனால் பெருந்தீங்கு விளைவதில்லை. சிலருக்கு மட்டும் அது குருதியிற் கலந்து முதுகுத்தண்டை அடைந்து, அங்குள்ள நரம்பணுக்களை அழித்துவிடும். கையையோ காலையோ அசைக்குமாறு தசைக்கு ஆணை அனுப்புபவை அந்நரம்பணுக்களே. அவை அழிந்தால் தசை செயலற்று மெலியும். கிருமி உடலை விட்டு நீங்கிய பின்னரும், அழிந்த நரம்பணு மீண்டும் உயிர் பெறுவதில்லை; அக்கிருமியைக் கொல்லும் மருந்தும் இல்லை.

வில்மாவின் உயிர் தப்பியது. ஆயினும் இடக்காலும் பாதமும் வலுவிழந்தன. மற்றக் குழந்தைகள் ஓடியாடும் பருவத்தில், அவள் காலுக்கு உலோகத் தாங்கி ஒன்று பூட்டப்பட்டது. அவள் இனி நடப்பாளோ மாட்டாளோ என்ற ஐயம் எழுந்தது. அவள் நடப்பாள் என்பதில் அன்னையார் மட்டும் உறுதியாக இருந்தார். குழந்தையும் அன்னையின் சொல்லையே நம்பினாள்.

வாரந்தோறும் ஒரு பயணம்

கிளார்க்ஸ்வில் நகரிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் நாஷ்வில் என்னும் பெருநகர் உள்ளது. அங்குள்ள மெகாரி மருத்துவக் கல்லூரி, கறுப்பின மக்களுக்கு மருத்துவக் கல்வி அளிப்பதற்கென 19-ஆம் நூற்றாண்டில் தோன்றியது. அதன் மருத்துவமனைக்கு அன்னையார் தம் மகளை வாரம் ஒருமுறை அழைத்துச் சென்றார். பேருந்தின் பின்பகுதியே அவர்களுக்கு உரிய இடம். போய் மீள்வதற்கே ஒரு நாளின் பெரும்பகுதி கழியும். பிறர் வீட்டில் உழைத்து வாழும் ஒரு தாய்க்கு அந்த ஒரு நாள் எத்துணைப் பெரிது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு வாரம், ஒரு மாதம் என்றில்லாமல், இரண்டு ஆண்டுகள் அப்பயணம் தொடர்ந்தது.

இளம்பிள்ளை வாதத்தால் தளர்ந்த கால்களை அசையாதபடி கட்டி வைத்தலே நல்லது என்று மருத்துவர் பலர் முன்னர்க் கருதி வந்தனர். எலிசபெத் கென்னி என்ற ஆஸ்திரேலியச் செவிலியார் அதற்கு மாறான முறையைக் கையாண்டார். வெந்நீரில் நனைத்த கம்பளித் துணியால் ஒற்றடமிட்டுத் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தி, பின்னர் அதனைச் சிறிது சிறிதாக இயக்கப் பழக்குவதே அவர் முறை. 1940-ஆம் ஆண்டில் அவர் அமெரிக்காவுக்கு வந்த பின்னர், வெப்பமும் பயிற்சியும் தரும் மருத்துவம் அந்நாட்டில் பரவியது. அழிந்த நரம்பணுக்களை இம்முறை உயிர்ப்பிக்காது. ஆனால் தசைகள் இறுகிக் கோணாதவாறு காக்கும். அழியாது எஞ்சிய நரம்புகளுக்கு உட்பட்ட தசைகளை வலிமையுறச் செய்யும். இம்மருத்துவத்தில் விரைவு என்பதற்கு இடமில்லை. நாள் தவறாமல் செய்தலே இதன் உயிர்நாடி.

ஆகவே வாரம் ஒருமுறை பெறும் மருத்துவம் போதாது என்பது தெளிவாயிற்று. இடைப்பட்ட நாள்களில் அப்பணியைச் செய்வது யார் என்ற வினாவிற்கு அக்குடும்பமே விடையாக அமைந்தது.

முறை வைத்துச் செய்த தொண்டு

காலை நீவிவிடும் முறையை அன்னையார் கற்றுக்கொண்டார். தம் மூத்த பிள்ளைகளுக்கும் கற்பித்தார். நாள்தோறும் நான்கு முறை வில்மாவின் கால் நீவிவிடப்பட வேண்டும் என்று வகுக்கப்பட்டது. தாய் வேலைக்குச் சென்ற நேரத்தில் தமக்கையரும் தமையன்மாரும் முறை வைத்துக்கொண்டு அப்பணியைச் செய்தனர். ஆண்டு முழுவதும், நாளுக்கு நான்கு முறை என்றால், ஓராண்டில் அது 1,460 முறையாகும். அவற்றுள் எந்த ஒரு முறையும் தனியே நோக்கின் பெரிய செயலாகத் தோன்றாது. அதன் பயனும் அன்று மாலையே கண்ணுக்குத் தெரியாது. நேற்றுப் போலவே இன்றும் கால் மெலிந்திருக்கும். எனினும் அக்கைகள் ஓய்ந்துவிடவில்லை.

நோயுற்ற குழந்தை உள்ள வீட்டில் மற்றக் குழந்தைகளின் நிலையும் கருதத்தக்கது. தாயின் நேரமும் நினைவும் நோயாளியையே சுற்றி நிற்கும்போது, ஏனைய பிள்ளைகள் தாம் புறக்கணிக்கப்பட்டதாக எண்ணி மனம் வாடுதல் உண்டு. அவர்களுக்கும் அத்தொண்டில் ஒரு பங்கு அளித்தல் அவ்வாட்டத்தைப் போக்கும் நல்ல வழியாகும். ருடால்ஃப் குடும்பத்தில் பிள்ளைகள் வெறும் பார்வையாளராக நிற்கவில்லை. தங்கையின் கால் தேறுவதில் தமக்கும் பொறுப்பு உண்டு என்பதை அவர்கள் கைகளே அறிந்திருந்தன.

வில்மாவின் மனத்திற்கும் மருந்து வேண்டியிருந்தது. உடன்பிறந்தோர் பள்ளிக்குச் சென்ற பின்னர் அவள் வீட்டில் தனித்திருப்பாள். நோயின் காரணமாக அவளது தொடக்கக் கல்வி வீட்டிலேயே நிகழ்ந்தது. 1947-ஆம் ஆண்டில், ஏழாம் வயதில்தான் அவள் பள்ளியில் சேர்ந்தாள். காலில் தாங்கி பூண்ட அவளைப் பிற சிறுவர் எள்ளி நகையாடினர். அவள் தனிமையில் அழுததும் உண்டு. ஆயினும் வீட்டார் அவளை ஒன்றுக்கும் உதவாதவள் என்று ஒதுக்கி வைக்கவில்லை. நோயாளியைக் கண்டு இரங்குதல் எளிது. அவரும் ஒரு நாள் தம் காலில் நிற்பார் என்று நம்பி, அதற்கு உரியவற்றை நாள்தோறும் செய்தல் அரிது. அவ்வரிய செயலையே அக்குடும்பம் மேற்கொண்டது.

தாங்கி நீங்கிய நாள்

ஆண்டுகள் செல்லச் செல்லக் காலில் வலிமை ஊறலாயிற்று. பின்னும் ஈராண்டுகள் பாதத்திற்குத் துணையாக அவள் தனிவகைக் காலணி அணிந்தாள். பன்னிரண்டு வயது நிரம்பும்போது, தாங்கியும் அக்காலணியும் இன்றி நடக்கும் ஆற்றலை அவள் பெற்றுவிட்டாள். வீட்டில் ஒருவர் ஓடத் தொடங்கினால் அதைக் கண்டு யாரும் வியப்பதில்லை. ஆனால் அவ்வீட்டில் அது ஏழாண்டு உழைப்பின் விளைவாகும்.

பள்ளியில் வில்மா கூடைப்பந்து ஆடினார், ஓட்டப்பந்தயத்திலும் சிறந்தார். டென்னசி மாநிலக் கல்லூரியின் பயிற்சியாளர் எட் டெம்பிள், அவருடைய ஆற்றலைக் கண்டு பயிற்சி அளித்தார். 1956-ஆம் ஆண்டில் மெல்போர்ன் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விளையாட்டில், பதினாறே வயதான வில்மா தொடரோட்டக் குழுவில் ஓடி வெண்கலப் பதக்கம் பெற்றார். 1960-ஆம் ஆண்டில் ரோம் நகரில் 100 மீட்டர் ஓட்டம், 200 மீட்டர் ஓட்டம், நால்வர் ஓடும் 400 மீட்டர் தொடரோட்டம் ஆகிய மூன்றிலும் பொற்பதக்கம் வென்றார். ஒரே ஒலிம்பிக்கில், ஓட்டப்பந்தயங்களில் மூன்று பொற்பதக்கங்கள் வென்ற முதல் அமெரிக்கப் பெண்மணி அவரே.

அவரை வரவேற்கக் கிளார்க்ஸ்வில் நகரம் விழா எடுத்தது. வெள்ளையர் ஒருபுறமும் கறுப்பினத்தவர் மறுபுறமுமாகப் பிரிந்து நிற்கும் விழாவில் கலந்துகொள்ள வில்மா இசையவில்லை. ஆதலின் 1960-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் நிகழ்ந்த ஊர்வலத்திலும் விருந்திலும் இரு நிறத்தாரும் ஒருங்கே கலந்துகொண்டனர். அந்நகரின் வரலாற்றில் அத்தகைய பொது நிகழ்ச்சி அதுவே முதலாவது. நிறத்தின் காரணமாகத் தொலைவூர் மருத்துவமனையை நாடிச் சென்ற சிறுமியின் பொருட்டு, அந்நகரம் ஒரு நாளேனும் வேற்றுமையை மறந்து நின்றது. வில்மா பின்னர் 1963-ஆம் ஆண்டில் கல்லூரிப் பட்டம் பெற்று ஆசிரியப் பணி ஆற்றினார். 1994-ஆம் ஆண்டில் இயற்கை எய்தினார்.

அறியத்தக்கவை

இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்ட குழந்தைகள் அனைவரும் வில்மாவைப் போல மீண்டும் ஓடிவிடவில்லை. நரம்பணுக்கள் மிகுதியாக அழிந்தவர்களுக்கு எத்துணை அன்புடன் பணிவிடை செய்தாலும் கால் வலிமை திரும்பாது. அது அக்குழந்தையின் குற்றமும் அன்று. குடும்பத்தின் குற்றமும் அன்று. ஊன்றுகோலின் துணைகொண்டு கல்வியிலும் தொழிலிலும் சிறந்து விளங்குவோர் பலர். குடும்பத்தின் தொண்டைப் பதக்கங்களைக் கொண்டு மட்டும் அளத்தல் கூடாது. ரோம் நகருக்குச் செல்லாமல், தன் வீட்டு வாயில் வரை மட்டுமே வில்மா நடந்திருந்தாலும், அந்த உழைப்பு வீணாகியிராது.

வருமுன் காத்தல் இதனினும் சிறந்தது. வில்மா நோயுற்ற காலத்தில் இந்நோய்க்குத் தடுப்பு மருந்து இல்லை. ஜோனஸ் சால்க் கண்டறிந்த தடுப்பூசி பயன் தருவது என்று 1955-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. பின்னர் ஆல்பர்ட் சேபின் வாய்வழியே தரும் சொட்டு மருந்தை உருவாக்கினார். இந்தியாவில் வீடுதோறும், ஊர்தோறும் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து அளிக்கப்பட்டதன் பயனாக, இயற்கையில் பரவும் போலியோக் கிருமியால் 2011-ஆம் ஆண்டு சனவரித் திங்களுக்குப் பின் இந்நாட்டில் எவரும் தாக்குறவில்லை. 2014-ஆம் ஆண்டு மார்ச்சு 27-ஆம் நாள், இந்தியாவை உள்ளடக்கிய தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றது என உலக நலவாழ்வு நிறுவனம் சான்று வழங்கியது.

ஆயினும் குழந்தைகளை வருத்தும் நோய்கள் வேறு பல உள்ளன. வீட்டில் இளங்குழந்தை ஒன்று கொடிய நோயினின்று மீண்டு வருங்கால், குடும்பத்தார் ஒவ்வொருவரும் செய்யத்தக்கது ஏதேனும் இருக்கும். வேளை தவறாது மருந்து தருதல், வெந்நீர் காய்ச்சி வைத்தல், படுத்திருக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ கதை படித்துக் காட்டுதல், அன்னை சற்றே கண்ணயரும்படி அவள் இடத்தில் அமர்ந்திருத்தல் ஆகிய எளிய செயல்களைச் சிறுவரும் செய்யலாம். திருவள்ளுவர் எண்ணிய நான்காம் கூறு அக்கைகளில் அடங்கியுள்ளது.