கண்புரையும் குடும்பக் கணக்கும்

ரவாங், கோலசிலாங்கூர் வட்டாரங்களில் இருந்த ரப்பர் தோட்டங்களில் பல இன்று செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அங்கு விடியுமுன் விளக்கொளியில் பால்மரம் வெட்டியவர்கள் இப்போது தாத்தா, பாட்டிகளாகிவிட்டனர். மரத்தில் காயம் படாமல் பட்டையைச் சீவக் கூரிய பார்வை வேண்டும். அந்தக் கண்களே இன்று பலருக்கு மங்கி வருகின்றன.

கண்ணுக்குள் இருக்கும் வில்லை தெளிவிழந்து மங்குவதே கண்புரை. இதற்கு மூப்பு முதன்மைக் காரணம். நீரிழிவு நோய் இதனை விரைவுபடுத்தும். 2014ஆம் ஆண்டின் தேசியக் கண் ஆய்வின்படி, மலேசியாவில் பார்வை இழந்த 50 வயதுக்கு மேற்பட்டோரில் 58.6 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை பெறாத கண்புரையே காரணம். சொட்டு மருந்தால் இது தீராது. மங்கிய வில்லையை அகற்றிவிட்டுச் செயற்கை வில்லையைப் பொருத்த வேண்டும்.

செலவுக்கு அஞ்சிப் பலர் சிகிச்சையைத் தள்ளிப்போடுகின்றனர். தனியார் மருத்துவமனையில் ஒரு கண்ணுக்கே ஆயிரக்கணக்கான ரிங்கிட் ஆகும் என்பது உண்மைதான். அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்கு அதில் ஒரு சிறு பகுதியே ஆகும். ஆனால், தள்ளிப்போடுவதற்கான செலவு எந்த ரசீதிலும் வருவதில்லை.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்வோம். மகனின் மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். மாதத்திற்கு 26 வேலை நாள் என்றால், ஒரு நாள் ஊதியம் ஏறக்குறைய 65 ரிங்கிட். பார்வை மங்கிய தாயை வெளியே அழைத்துச் செல்ல மாதம் இரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்தால், ஆண்டுக்கு 1,500 ரிங்கிட்டுக்கு மேல் இழப்பு. இதுவாவது கண்ணுக்குத் தெரியும் இழப்பு. பேரப்பிள்ளையைக் கவனித்துக்கொண்ட பாட்டிக்குப் பார்வை மங்கினால், மருமகள் வேலையை விட நேரிடலாம். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தாலோ, அந்தச் செலவு தனி.

பார்வைக் குறைபாட்டால் உலகம் ஆண்டுதோறும் ஏறக்குறைய 41,100 கோடி அமெரிக்க டாலர் மதிப்புள்ள உற்பத்தியை இழப்பதாக 2021இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் மதிப்பிட்டது. இத்தொகையில் வேலை செய்யும் வயதினரின் இழப்பே அடங்கும். பாட்டியின் சம்பளமில்லா உழைப்புக்கு அதில் இடமில்லை.

ரவாங்வாசிகள் அரசாங்க கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் பெற்று, செலாயாங் மருத்துவமனையின் கண் பிரிவுக்குச் செல்லலாம். முறை வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அறுவை சிகிச்சை பெரும்பாலும் அரை மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். பலர் அன்றே வீடு திரும்புகின்றனர். அதற்கும், பின்னர் வரும் பரிசோதனைகளுக்கும் மகன் எடுக்க வேண்டியது சில நாள் விடுப்புதான்.