காணாமற்போன 5 கிலோயூல்

கேள்வி: சேர், நடுநிலையாக்கல் வெப்பவுள்ளுறை மாற்றத்தை அளக்க, கண்ணாடி முகவையில் 50 மில்லிலீற்றர் ஐதரோகுளோரிக் அமிலத்தையும் அதே அளவு சோடியம் ஐதரொட்சைட்டையும் கலந்தோம். இரண்டும் 1 மூலர். வெப்பநிலை 6.2 பாகை ஏறியது. கணக்குப் பார்த்தால் மூலுக்கு 52 கிலோயூல்தான் வருகிறது, புத்தகத்தில் 57. எங்கள் ஊர்க் குளிர்தான் காரணமா?

– உயர்தர மாணவி, லுணுகலை

பதில்: குளிர்மேல் பழி போடாதீர்கள், மகள். அமிலமும் காரமும் அறையின் வெப்பநிலையிலேயே இருந்திருந்தால், கலந்த பிறகு கரைசல் காற்றைவிட ஆறு பாகை கூட. லுணுகலையிலும் அதே ஆறுதான், மட்டக்களப்பிலும் அதே ஆறுதான்.

எனக்குச் சந்தேகம் முகவைமேல். 100 கிராம் கரைசல், கிராமுக்கு 4.2 யூல், 6.2 பாகை: மொத்தம் 2604 யூல். அதை 0.05 மூலால் வகுத்து 52 எடுத்திருக்கிறீர்கள். இதில் கண்ணாடிக்குப் பங்கே இல்லை. கண்ணாடி ஒரு பாகை ஏறக் கிராமுக்கு ஏறக்குறைய 0.8 யூல் எடுக்கும். கரைசல் தொட்ட பகுதி 50 கிராம் என்று வைத்தால் 248 யூல். கூட்டினால் 2852, வகுத்தால் 57! இவ்வளவு கச்சிதமாக வந்தால் நான் கொஞ்சம் சந்தேகப்படுவேன். 50 என்பது என் ஊகம்தானே. முகவையை நிறுத்துப் பாருங்கள்.

அடுத்த முறை மூடியுள்ள ரெஜிபோம் கோப்பையில் செய்யுங்கள். அதன் நிறை சில கிராம்தான். கலக்குமுன் இரண்டு கரைசல்களின் வெப்பநிலையையும் தனித்தனியே வாசித்துச் சராசரி எடுங்கள். கலந்த பின் அரை நிமிடத்துக்கு ஒருமுறை வாசித்து வரைபு கீறி, ஆறும் கோட்டைக் கலந்த கணம்வரை பின்னோக்கி நீட்டுங்கள். வெப்பமானி காட்டிய உச்சத்தை அப்படியே எடுத்தால், அந்த நேரத்துக்குள் வெளியே போன வெப்பம் கணக்கில் வராது.

அளவை இரட்டித்தால் ஏற்றமும் இரட்டிக்காது: வெப்பம் இரு மடங்கு, சூடாக வேண்டிய நீரும் இரு மடங்கு. ஆனால் அளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு குறைவதால் இழப்பு வீதம் குறையும். உங்கள் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இதற்கு நேர்மாறு. உருட்டிய கொழுந்து ஒட்சியேறும்போது வெப்பம் வெளிவரும். குவித்து வைத்தால் அளவுக்கு மீறிச் சூடாகிவிடும் என்றுதான் மெல்லிதாகப் பரப்புகிறார்கள்.

கோப்பை சரிவந்ததும் அசற்றிக் அமிலத்தை எடுத்துப் பாருங்கள். 55 அளவில் வரும். அந்தக் குறைவு கோப்பையின் கசிவல்ல. மென்னமிலம் முழுதாக அயனாகப் பிரிவதற்கே கொஞ்சம் வெப்பம் செலவாகிறது.