மலைப்பாதை கட்ட வந்த தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

கெய்ர்ன்கார்ம் மலைகளில் பாதை கட்டும் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறாய் என்ற செய்தி கிடைத்தது. மிகுந்த மகிழ்ச்சி. கடப்பாரை, மண்வெட்டி, சம்மட்டி இவற்றில் எதை முதலில் பழகுவது என்று கேட்டிருந்தாய். கருவி பிடிப்பதைக் குழுவின் மூத்தவர்கள் ஒரே பருவத்தில் உனக்குக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். அதற்கு முன்பே நீ மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. ஸ்காட்லாந்தில் ஒரு பாதையால் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது.

2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் மலை, காடு, ஏரிக்கரை என்று ஏறத்தாழ எங்கும் பொறுப்போடு நடந்துபோகும் உரிமையை எல்லோருக்கும் தந்தது. 2005 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. வீட்டை ஒட்டிய தோட்டம், பயிர் நிற்கும் வயல் போன்ற சில இடங்களே விலக்கு. நிலம் யாருக்குச் சொந்தமானாலும் வழிப்போக்கர் அதன்மேல் நடக்கலாம். ஆகவே வேலி போட்டோ பலகை நட்டோ ஒருவரை உன் பாதையிலேயே நிறுத்திவைக்க உன்னால் ஆகாது. பக்கத்துப் புல்தரை கொஞ்சம் சுலபமாகத் தெரிந்தால் அவர் கால் அங்கே போய்விடும். பின்னால் வருகிறவரும் அதே இடத்தில் மிதிப்பார். புல் சாகும், வேரின் பிடி விட்டுப்போகும், அடுத்த மழை மண்ணை அரித்துக்கொண்டு போகும். சேறான அந்தத் தடத்தைச் சுற்றிக்கொண்டு மூன்றாவது தடம் விழும். ஒற்றையடிப் பாதையாகத் தொடங்கியது சில ஆண்டுகளில் மலைச்சரிவில் அகன்ற புண்ணாகிக் கிடக்கும். நடக்கிறவர் தாமே விரும்பிக் கால் வைக்கும்படி ஒரு வழியை அமைத்துக்கொடுப்பதுதான் உன் தொழில். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவதெல்லாம் அதிலிருந்து வருவதுதான்.

முதலில் பழைய பாதைகளில் நட. ஸ்பே ஆற்றுப் பக்கத்தையும் டீ ஆற்றுப் பக்கத்தையும் இணைக்கும் லாரிக் க்ரூ கணவாய் ஏறத்தாழ 835 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிச்சென்ற வழி அது. கிளென்மோர் காட்டுக்கு அப்பால் உள்ள ரைவோன் கணவாய் வழியாக மாடு திருடிகள் போய்வந்தார்கள். அந்த வழிக்குத் திருடர் பாதை என்ற பெயர் இன்றும் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் மான் வேட்டைப் பண்ணைகளின் சொந்தக்காரர்கள் வேறுவகைப் பாதைகளை வெட்டினார்கள். சுட்ட கலைமானை முதுகில் சுமந்து ஒரு மட்டக்குதிரை இறங்கிவர வேண்டும், அதற்கான பாதைகள் அவை. அவற்றைத்தான் நீ ஊன்றிக் கவனிக்க வேண்டும். சுமையோடு வரும் குதிரைக்குச் செங்குத்து ஆகாது. எனவே அந்தப் பாதைகள் சரிவைக் குறுக்காக வெட்டி, வளைந்து வளைந்து ஏறுகின்றன. மேல்பக்கம் வாய்க்கால் ஓடுகிறது. நூறு ஆண்டு தாண்டியும் அவற்றில் பல இன்றும் நடக்கத் தகுந்தவை.

யாருமே கட்டாமல் கால்களே போட்ட தடங்களை அவற்றோடு ஒப்பிட்டுப் பார். 1891-இல் ஹியூ மன்றோ ஸ்காட்லாந்தில் 3000 அடிக்கு மேற்பட்ட மலைகளைப் பட்டியலிட்டார். இன்று அந்தப் பட்டியலில் 282 சிகரங்கள் உள்ளன. அத்தனையையும் ஏறிமுடிக்க வேண்டும் என்ற ஆசையில் ஏராளமானோர் வருகிறார்கள். அவர்கள் கால்கள் போட்ட தடங்களில் பல உச்சியை நோக்கி நேர்க்கோடாக ஏறுகின்றன. மழைநீர் இறங்குவதும் அதே நேர்க்கோட்டில்தான். காலும் நீரும் ஒரே கோட்டைப் பிடித்துக்கொண்டால் மலை தாங்காது.

அதனால் தண்ணீரை முதலில் படி. வெயில் நாளில் பாதையைப் பார்த்துவிட்டு வேலைத்திட்டம் எழுதாதே. கொட்டும் மழையில் போய் நில். எங்கே ஊற்று கசிகிறது, எங்கே நீர் பாதைக்குள் இறங்குகிறது, எவ்வளவு தூரம் பாதையிலேயே ஓடுகிறது, எங்கே வேகம் பிடிக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள். மடை திருப்பும் விவசாயி வாய்க்காலை எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார். பாதையின் குறுக்கே கல் பதித்து நீரை வெளியே திருப்பும்போது, அந்தக் கல் வரிசை சாய்வாக இருக்கட்டும். நேர்குறுக்காக வைத்தால் நீர் அங்கே தேங்கும், சரளை படியும், ஒரே பருவத்தில் மேடு தட்டிவிடும். சாய்வாக வைத்தால் நீர் தன் வேகத்திலேயே சரளையைத் தள்ளிக்கொண்டு போகும். கல்லின் பெரும்பகுதி மண்ணுக்குள் போகட்டும். மேலே தெரிவது கொஞ்சமாக இருந்தால்தான் பனியும் பூட்ஸும் அதை அசைக்காது. வெளியேறிய நீர் பத்தடி தள்ளி மறுபடி பாதைக்குள் வந்துவிடாதபடி போக்குவாயை நீளமாக வெட்டு.

அடுத்தது கால். செங்குத்தான இடங்களில் கல் பாவுவதைத் தவிர வேறு வழியில்லை. கீழிருந்து மேலாகப் பாவு. ஒவ்வொரு கல்லும் தனக்குக் கீழே உள்ளதைக் கவ்விப் பிடிக்கட்டும். நீளமான பக்கம் மண்ணுக்குள் இறங்கட்டும், தட்டையான முகம் மேலே வரட்டும். இடுக்குகளில் சில்லுக் கற்களை ஆடாமல் இறுக்கு. இவையெல்லாம் கை பழகப் பழக வரும். பழக்கத்தால் மட்டும் வராதது, நடப்பவரின் உடம்பை உன் உடம்பில் உணர்வது. ஏறுகிறவரை எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். நீ இறங்குகிறவரை நினை. மாலை நேரம், மழையில் நனைந்த கருங்கல், நாள் முழுக்க நடந்து தளர்ந்த முழங்கால். ஒரு படி கூடுதல் உயரமாக இருந்தால், ஒரு கல்லின் முகம் வெளிப்பக்கம் சரிந்திருந்தால், அவர் புல்லில் இறங்கிவிடுவார். அவர்மேல் பிழை இல்லை. படிகளைத் தாழ்வாக வை. இடையிடையே கால் ஆறுவதற்குக் கொஞ்சம் சமதளம் கொடு. கோட்டை லேசாக வளைத்துக்கொண்டு போ. குறுக்குவழி கண்ணுக்குப் படும் இடத்தில் ஒரு பெரிய பாறையைப் பாதி புதைத்து, சுற்றிலும் ஹெதர் புதரோடு மண்ணை வைத்துவிடு. தடுப்பு வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணமே அவருக்கு வரக் கூடாது. அங்கே நடப்பது சிரமம் என்று மட்டும் அவர் காலுக்குத் தெரிய வேண்டும்.

கல்லுக்குக் கொடுக்கும் மதிப்பைப் புல்லுக்கும் கொடு. தோண்டுவதற்கு முன் தாவரத்தை வேரோடும் மண்ணோடும் தடிமனான பத்தைகளாகப் பெயர்த்தெடு. பச்சை மேலே பார்க்க வை, காயவிடாதே, சீக்கிரம் திருப்பிப் பதி. கல் எடுத்த குழியையும் அப்படியே மூடு. சரிவில் கல் போதவில்லை என்றால் ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள மூட்டைகளாக ஹெலிகாப்டரில் கொண்டுவந்து இறக்குவார்கள். அது பெரிய செலவு. ஒவ்வொரு கல்லையும் புரட்டிப் பார்த்து, அதற்கு உரிய இடத்தைக் கண்டுபிடித்து வை.

பீட் மண் இருக்கும் இடத்தில் இன்னும் நிதானம் வேண்டும். பாசியும் செடியும் முழுதாக மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஈரத்தில் படிந்து உண்டான மண் அது. அத்தனை காலத்துக் கரியும் அதற்குள் அடைபட்டிருக்கிறது. அதை வெட்டி வடித்தால் காய்ந்து கரையும். ஆழமான பீட்டைத் தோண்டாமல், மேலே ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்துச் சரளை பரப்பி, பாதையை மிதக்கவிடுவார்கள். முன்காலத்தில் இதற்குச் சுள்ளிக் கட்டுகளைப் போட்டார்கள். மேலே பீடபூமிக்குப் போனால் உன் கையை இன்னும் அடக்கிக்கொள். பென் மக்டூயியின் உயரம் 1309 மீட்டர். அதைச் சுற்றிய உயரங்களில் கோடை மிகக் குறுகியது, செடி மிக மெல்ல வளரும். அங்கே ஒரு காயம் ஆற ஒரு மனித ஆயுள் போதாமல் போகலாம். கீழே காட்டுக்குப் பொருந்தும் பாதை மேலே உறுத்தும். அங்கே எவ்வளவு குறைவாகச் செய்தால் போதும் என்று யோசித்துத் தொடங்கு.

ஷிஹாலியன் மலைக்கு ஒருமுறை போய்வா. 1083 மீட்டர் உயரம். 1774-இல் நெவில் மஸ்கெலின் அந்த மலையின் ஈர்ப்பை அளந்து பூமியின் அடர்த்தியைக் கணக்கிட வழி செய்தார். மலையின் பருமனைக் கணக்கிட்ட சார்ல்ஸ் ஹட்டன் அதற்காகச் சம உயரக் கோடுகளைப் பயன்படுத்தினார். நீ தினமும் விரித்துப் பார்க்கும் வரைபடத்தின் மொழி அது. உனக்கு அங்கே இன்னொரு பாடமும் உண்டு. 1999-இல் ஜான் மியூர் அறக்கட்டளை மலையின் கிழக்குப் பகுதியை வாங்கியபோது, பழைய தடம் பீட் நிலத்தின் வழியே மோசமாக அரித்துக் கிடந்தது. அதே தடத்தைச் செப்பனிட்டிருக்கலாம். அவர்கள் அதைக் கைவிட்டு, உறுதியான நிலத்தில் புதுக் கோடு ஒன்றைத் தேர்ந்து பாதை அமைத்து 2003-இல் முடித்தார்கள். பழைய தடத்தைத் தாவரம் மூடிக்கொள்ள வழிசெய்தார்கள். பிழையான கோட்டில் எவ்வளவு அருமையாகக் கல் பாவினாலும் அது பிழையான பாதைதான். கல் எடுப்பதற்கு முன் நாள்கணக்கில் நடந்து கோட்டைத் தேடுவதும் வேலைதான் என்று உன் குழுவோடு வாதாடத் தயங்காதே.

இனிக் காடு. ராத்திமர்க்கஸிலும் அபர்நெதியிலும் நீ காணும் பைன் மரக் காடுகள் ஒரு காலத்தில் மலைநாடெங்கும் பரவியிருந்த காட்டின் மிச்சம். அங்கே கேப்பர்கெய்லி என்னும் பெரிய காட்டுக்கோழி வாழ்கிறது. ஸ்காட்லாந்தில் இன்று ஏறத்தாழ 500 பறவைகளே இருப்பதாகக் கணக்கு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கெய்ர்ன்கார்ம் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. வசந்தத்தில் சேவல்கள் ஒரே இடத்தில் கூடி ஆடும், பெட்டை தரையில் முட்டையிடும். மனிதரும் நாயும் அடிக்கடி குறுக்கே போனால் அந்த இடத்தை அவை விட்டுவிடும். இப்படிப்பட்ட காட்டில் பாதை கட்டுகிறவருடைய பெரிய முடிவு எங்கே கட்டக் கூடாது என்பதே. எந்தத் தடத்தைச் சருகும் கிளையும் மூட விடலாம், அதற்கு ஈடாக எந்த வழியை இன்னும் இனிதாக்கலாம் என்று யோசி.

இது பலிக்கும் என்பதற்கு அபர்நெதிக் காட்டுக்குள்ளேயே லாக் கார்ட்டன் ஏரி சான்று. பிரிட்டனில் அற்றுப்போயிருந்த விராலடிப்பான் 1950-களில் அங்கே கூடு கட்டியது. எவ்வளவு மறைத்துக் காத்தும் 1958-இல் முட்டைத் திருடர் கூட்டைச் சூறையாடினார். மறு ஆண்டு, 1959-இல், பறவைப் பாதுகாப்புச் சங்கம் துணிந்து ஒரு முடிவெடுத்தது. கூட்டைப் பார்ப்பதற்கென்றே ஓர் இடம் அமைத்துப் பொதுமக்களை வரவேற்றது. மக்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள், ஒரே வழியாக வந்து ஒரே இடத்தில் நின்று பார்த்தார்கள். அந்த ஆண்டு குஞ்சுகள் பிழைத்தன. நல்ல வழியைத் திறந்துவிடுவதும் காவல்தான்.

லாக் அன் எய்லன் ஏரியைச் சுற்றும் சமமான பாதை, கிளென்மோரிலிருந்து பச்சை ஏரிக்குப் போகும் அகன்ற சரளைப் பாதை இவற்றைச் சாதாரண வேலை என்று எண்ணிவிடாதே. தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் தாய்க்கும், ஊன்றுகோலோடு வரும் முதியவருக்கும் சட்டம் தந்த உரிமை அந்தச் சரளையின் மேல்தான் கைக்கு வருகிறது. உச்சிக்குப் போகும் பாதைக்குக் கொடுக்கும் அதே அக்கறையை இதற்கும் கொடு.

உடம்பைப் பார்த்துக்கொள். கல்லை முதுகால் தூக்காதே, கடப்பாரையால் நெம்பி நடத்திக்கொண்டு போ. கோடையில் மிட்ஜ் பூச்சி மொய்க்கும்போது தலைவலை போட வெட்கப்படாதே. பனிக்குளிரில் கை மரத்துப்போனால் சம்மட்டியைக் கீழே வைத்துவிடு.

கடைசியாக, பராமரிப்பு. புதுப்பாதை திறக்கும் நாளில் படம் பிடிக்க ஆள் வருவார்கள். வாய்க்காலில் சேர்ந்த சரளையை ஆண்டுதோறும் அள்ளுகிறவருக்கு யாரும் வருவதில்லை. ஆனாலும் பாதையைக் காப்பவர் அவர்தான். அடைத்துக்கொண்ட ஒரு போக்குவாய் ஒரு குளிர்காலத்தில் நூறடிக் கல் வேலையைப் பெயர்த்துவிடும். நீ கட்டிய ஒவ்வொரு பாதைக்கும் ஓராண்டு கழித்து மழை நாளில் திரும்பிப் போ. நடப்பவர்களுக்குப் பின்னால் நடந்து, அவர்கள் கால் எங்கே போகிறது என்று பார். பக்கத்தில் புதுத்தடம் விழுந்திருந்தால் அவர்களைக் குறைகூறாதே, பலகை வைக்கச் சொல்லிக் கடிதம் எழுதாதே. கடப்பாரையை எடு, அந்தக் கல்லைப் பெயர்த்து, கால் கேட்கிறபடி மறுபடி வை.

அன்புடன்,
உன் அண்ணன்