‘பைனல்’ என்று பெயர் வைக்காதீர்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேரோட்டம் 2024-இல் ஆகஸ்ட் 7 அன்று நடந்தது. 2025-இல் அது ஜூலை 28. பூர நட்சத்திரத்தை வைத்து வருகிற திருவிழா என்பதால் ஆங்கிலத் தேதி வருடா வருடம் மாறும். விருதுநகர் மாவட்டத்துக்கு அன்று உள்ளூர் விடுமுறை. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் புதுக் காலண்டர் கைக்கு வந்ததும் வீட்டுப் பெரியவர்கள் புரட்டித் தேடுகிற நாள்களில் இதுவும் ஒன்று.

2025-ஆம் ஆண்டுக்காக ஒரு துணிக்கடைக்கு அடித்த மாதக் காலண்டரில் அந்த நாள் ஆகஸ்ட் 7 என்றே அச்சாகிவிட்டது. அதை வடிவமைத்தவர்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறவர். சரியான தேதி போட்ட ஃபைலை அவர் அனுப்பியிருந்தார். பிளேட்டுக்குப் போனது வேறு ஃபைல்.

நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தப் பக்கத்துத் தொழிலைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அதிலிருந்து வருடக் கடைசி வரை அச்சகங்களுக்கு ஓய்வில்லை. சுற்றுவட்டார டிடிபி கடைகளும் வடிவமைப்பாளர்களும் வருடத்துக்குச் சம்பாதிப்பதில் பெரும்பங்கு இந்த மாதங்களில்தான் வருகிறது. வேலை நடக்கும் முறை எல்லாக் கடையிலும் ஒன்றுதான். போன வருட லே-அவுட்டைத் திறந்து, புதுப் பெயரில் சேமித்து, கிழமைகளை நகர்த்தி, படத்தை மாற்றி, பார்ட்டிக்கு ஒரு மாதிரி காட்டுவார்கள். விசேஷ நாள்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கடைசியில்தான் ஏறும். அதனால் முதல் மாதிரியில் பழைய தேதிகள் இருப்பது சகஜம். அந்தத் துணிக்கடைக் காலண்டரின் முதல் மாதிரியும் அப்படித்தான், ‘லே-அவுட் பார்க்க மட்டும்’ என்ற குறிப்போடு வாட்ஸ்அப்பில் போனது. பார்ட்டி ஓகே சொல்லி, தேதிகளும் சரிபார்க்கப்பட்ட பிறகு, அச்சுக்கான ஃபைல் மின்னஞ்சலில் போனது.

அச்சகத்தில் இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில் இறங்கின. இறங்கிய ஃபைல்களைப் பிரதி எடுத்து அவரவர் விருப்பப்படி பெயர் மாற்றுவது அங்கே வழக்கம். ‘பைனல்’, ‘பைனல் ஓகே’, ‘பைனல் நியூ’, ‘பைனல் லாஸ்ட்’ என்று ஒரே வேலைக்கு நான்கு ஃபைல்கள் நின்றன. இரவு ஷிப்டில் பிளேட் போட்டவர் அவற்றில் ஒன்றை எடுத்தார். நான்கு வண்ணத்துக்கு நான்கு பிளேட், தாள், மை, சீசனில் திரும்பக் கிடைக்காத மெஷின் நேரம் எல்லாம் போயின. கடைக்காரர் ஒரு கட்டைப் பிரித்து ஆகஸ்ட் தாளைப் பார்த்தார், வாங்க மறுத்துவிட்டார்.

“தம்பி, நீங்க அனுப்புன ஃபைலைத்தான அடிச்சோம்” என்றார் அச்சக முதலாளி.

“அண்ணாச்சி, நான் அச்சுக்கு அனுப்புனது மெயில்ல அப்படியே இருக்கு. பேரைப் பாருங்க, தேதியைப் பாருங்க.”

ஃபைலின் பெயரிலேயே நாளும் திருத்த எண்ணும் இருந்தன. முதலாளி பார்த்தார், ஒப்புக்கொண்டார். ஆனாலும் கூலியில் பாதி இன்றுவரை வரவில்லை. துணிக்கடைக்காரரும் அடுத்த வருட வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். தவறு எங்கே நடந்தது என்று விசாரிக்க அவருக்கு நேரமில்லை. காலண்டரில் வடிவமைப்பாளர் போட்ட தேதி தப்பு என்பதுதான் அவர் காதுக்குப் போன செய்தி.

எனவே முதல் பாடம் பெயர் வைப்பதில்தான். ‘பைனல்’ என்ற சொல் எந்த ஃபைலின் பெயரிலும் வரக் கூடாது, ஏனென்றால் பார்ட்டி இன்னொரு திருத்தம் சொன்ன நிமிடத்தில் அது பொய்யாகிவிடுகிறது. பார்ட்டியின் பெயர், வேலை, நாள், திருத்த எண் என்ற வரிசை போதும். நாளை எழுதும்போது வருடம் முதலில், பிறகு மாதம், பிறகு தேதி: 20240914 என்பது போல. அப்படி எழுதினால் கம்ப்யூட்டர் தானாகவே கால வரிசையில் அடுக்கிவிடும். ஓர் எழுத்தைத் திருத்தினாலும் எண் ஏற வேண்டும். வேலை ஃபோல்டரில் நடப்பு ஃபைல் ஒன்று மட்டுமே இருக்க வேண்டும்; மற்றவை அன்று மாலையே ‘பழையது’ என்ற உள் ஃபோல்டருக்குப் போய்விட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால், சீசனில் அந்த நாளை பொங்கலுக்குப் பிறகுதான் வரும்.

இதோடு இன்னொன்றும் இப்போது சேர்ந்திருக்கிறது. தாளில் வெட்டுக்கோட்டுக்கு வெளியே, ஃபைலின் முழுப் பெயரையும் சின்ன எழுத்தில் அச்சாகும்படி இந்தக் கட்டுரையாளர் போட்டுவிடுகிறார். அச்சகத்தில் எந்தப் பெயருக்கு மாற்றினாலும் பிளேட்டில் உண்மையான பெயர் நிற்கும். மெஷின்காரர் முதல் தாளைக் கையில் எடுத்ததும் போனில் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். மாதிரிகளின் குறுக்கே ‘மாதிரி’ என்று பெரிதாகப் போட்டுத்தான் அனுப்புகிறார். அச்சு ஃபைல் மின்னஞ்சலில் மட்டுமே போகும். வாட்ஸ்அப்பில் கேட்கிற அச்சகங்களுக்கு மறுப்புத்தான் பதில். படமாக அனுப்பினால் அது தரத்தைக் குறைத்துவிடும் என்பது ஒரு காரணம்; எது கடைசி என்று பிறகு யாராலும் நிரூபிக்க முடியாது என்பது பெரிய காரணம்.

“தேடினால் கிடைத்துவிடுகிறதே, எதற்கு இத்தனை கட்டுப்பாடு?” என்று தொழிலில் இருப்பவர்களே கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் வேலை செய்பவர்களுக்கு அது பொருந்தலாம். தமிழ் டிடிபி கடையில் தேடுதல் பாதி நேரம் வேலை செய்யாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ஒரு பக்கம் அடித்திருந்தால், திரையில் தெரிவதுதான் தமிழ். உள்ளே சேமிப்பில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். மெய்யெழுத்தின் புள்ளி இருக்கும் இடத்தில் ஓர் அரைப்புள்ளி உட்கார்ந்திருக்கும். ‘ஆடிப்பூரம்’ என்று தேடினால் ஒரு ஃபைலும் வராது. 2001-இல் வெளியான ஏழாம் பதிப்போடு நின்றுபோன பேஜ்மேக்கரில் இன்னமும் வேலை ஓட்டுகிற கடைகளுக்கு இது தினசரிப் பிரச்சினை, ஏனென்றால் அந்த மென்பொருளுக்கு யூனிகோடு என்கிற ஒருங்குறியே தெரியாது.

இந்தக் கட்டுரையாளரின் கடை இருக்கிற ராஜபாளையம், மில்களுக்கு மட்டும் பேர்போன ஊர் இல்லை. கிருஷ்ணதேவராயர் ஆண்டாளைப் பற்றித் தெலுங்கில் எழுதிய ஆமுக்தமால்யதவைத் தமிழாக்கி, 1989-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்ற மு.கு.ஜகந்நாத ராஜா இந்த ஊர்க்காரர். இத்தகைய ஊரில், அப்பா எழுதிய புத்தகத்தை மறுபதிப்புப் போட வேண்டும் என்று பழைய சிடியோடு வருகிறவர்கள் உண்டு. ஃபைல் திறக்கும். எழுத்துரு இல்லாததால் பக்கம் முழுக்கப் புரியாத குறிகள் நிற்கும். எந்த எழுத்துரு என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் புத்தகம் முழுவதையும் மறுபடி அடிப்பதுதான் வழி. வந்தவர் முகத்தைப் பார்த்து அந்தச் செலவைச் சொல்வது கொடுமையான வேலை.

இதற்குத் தீர்வு பல வருடங்களாகக் கையில் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஒருங்குறியையும் டேஸ்-16 முறையையும் தரமாக அறிவித்துவிட்டது. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றுவதற்காக 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இணைமதி எழுத்துருவில் ஆரம்பித்து, டிஸ்கி என்ற குறிமுறைக்குப் போய், பிறகு ஒருங்குறிக்கு வந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் கையில் இருந்த நூல்களையும் மாற்றினார்கள். அதனால்தான் அன்று ஏற்றிய சங்கப் பாடல்களை இன்று செல்போனில் படிக்க முடிகிறது. தன்னார்வலர்கள் சம்பளம் இல்லாமல் செய்ததை, சம்பாதிக்கிற கடைகள் செய்யாமல் இருப்பதற்கு நியாயம் கிடையாது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவிகளில் மேட்டரை மாற்றி, ஒகர, ஓகாரக் குறிகள் உடைந்திருக்கின்றனவா என்று ஒருமுறை வாசித்து, ஒருங்குறிப் பிரதியை அதே வேலை ஃபோல்டரில் வைத்துவிட வேண்டும். பயன்படுத்திய எழுத்துருவின் ஃபைலும் கூடவே இருக்கட்டும்.

மற்றதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். டெஸ்க்டாப்பில் எதையும் சேர்க்காதீர்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரை வாரம் ஒருமுறை காலி செய்யுங்கள். இணையத்தில் எடுத்த பார்டர், பூ, விளக்குப் படங்களில் பயன்படாதவற்றை அழித்துவிடுங்கள்.

கூகுள் கணக்கை மட்டும் தனியே கவனிக்க வேண்டும். 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் படங்கள் எல்லாம் 15 ஜிபி இலவச அளவிலேயே சேர்கின்றன. மின்னஞ்சல், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 15 ஜிபி. ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் காப்பும் இப்போது அதே கணக்கில் சேர்கிறது. காலை வணக்கப் படங்களால் இடம் நிரம்பினால் புது மின்னஞ்சல் வருவது நின்றுவிடும். பார்ட்டியின் திருத்தம் வராமலே போய், பழைய ஃபைல் அச்சுக்குப் போக இது ஒன்றே போதும். தொழிலுக்குத் தனிக் கணக்கு, குடும்பத்துக்குத் தனிக் கணக்கு என்று பிரித்துவிடுவதே சரி.

அடுத்தது நேரம். காலையில் கடை திறந்ததிலிருந்து மதியச் சாப்பாடு வரை இந்தக் கட்டுரையாளரின் போன் மேசை டிராயரில் இருக்கும். படம் வரைவது, எழுத்து வடிவம் போடுவது, வண்ணம் பார்ப்பது எல்லாம் அந்த நேரத்தில்தான். திருத்தங்களும் ஃபைல் அனுப்புவதும் மதியத்துக்கு மேல். “போன் எடுக்காத ஆளுக்கு வேலை எப்படிக் கொடுக்கிறது” என்று சொல்லி விலகிய பார்ட்டிகள் இருக்கிறார்கள். அவர்களை இழந்ததில் வருத்தமில்லை. ஆண்டாளின் சாய்ந்த கொண்டையையும் இடக்கையில் கிளியையும் வரைந்துகொண்டிருக்கும்போது, விசிட்டிங் கார்டில் போன் நம்பரை மாற்றச் சொல்லும் அழைப்பை எடுத்தால் இரண்டும் கெடும். அந்தக் காலை நேரத்தில் வரைந்தவைதான் இன்று அவருக்குப் புது வேலைகளைக் கொண்டுவருகின்றன.

கடைசியாகக் காப்புப் பிரதி. 1998-இல் பிக்ஸாரில் ‘டாய் ஸ்டோரி 2’ தயாராகிக்கொண்டிருந்தபோது, தவறாகக் கொடுத்த ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்துபோனது. அலுவலகத்தின் காப்புப் பிரதிகளும் சரியாக வேலை செய்யவில்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்துவந்த கேலின் சுஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அதை வைத்தே மீட்டார்கள். பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பிய விதி இதைத்தான் சொல்கிறது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு இடத்தில்.

ராஜபாளையத்துக் கடையில் ஒரு வெளி ஹார்டு டிஸ்க், இணையத்தில் ஒரு பிரதி, ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டு பீரோவில் இன்னொரு டிஸ்க் என்பது இந்தக் கட்டுரையாளரின் ஏற்பாடு. மாதம் ஒருமுறை அங்கே போகும்போது டிஸ்க்கை மாற்றிக்கொள்கிறார். கொண்டுபோகும் டிஸ்க்கில் ஏதாவது ஒரு பழைய வேலையைத் திறந்து, படங்களும் எழுத்துருவும் சரியாக வருகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார். உங்கள் கடைக்கும் இதற்கு ஆகும் செலவு, கெட்டுப்போன ஒரு செட் பிளேட்டின் விலையைவிடப் பெரிதாக இருக்காது.